கல்லும் கல்வியும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கல் என்றதும் நம் நினைவுக்கு வருவன அம்மிக்கல், ஆட்டுக்கல், படிக்கல், மைல்கல். வழியில் ஒரு கல் காலில் இடறினால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு நடக்கிறோம். அதே கல்லைக் கையில் எடுத்து, சுத்தியலால் உடைத்து, கண்ணருகே ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்து, அது எந்தக் கடலின் அடியில் படிந்தது, எந்த எரிமலையின் வயிற்றிலிருந்து வந்தது என்று ஆராய்பவர்களும் உலகில் உண்டு. அவர்களே நிலவியலார்.

இந்தப் படிப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. வேதியியல் மாணவிக்கு வேண்டிய குடுவையும் அமிலமும் கல்லூரிக்குள்ளேயே கிடைத்துவிடும். இலக்கிய மாணவிக்கு நூலகம் போதும். நிலவியல் மாணவிக்கு மலைதான் ஆய்வுக்கூடம். மலை கல்லூரியைத் தேடி வராது. அவள்தான் மலையைத் தேடிப் போக வேண்டும். போக வண்டிச் சத்தம், தங்கக் கூடாரம், உணவு, துணைக்கு ஓர் ஆள், திரும்பி வந்ததும் கல்லைத் தாள்போல் மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கவும், அதிலுள்ள பொருள்களைப் பகுத்து அறியவும் ஆகும் செலவு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கல்லூரிச் சம்பளத்தை எப்படியோ கட்டிவிட்ட ஏழை மாணவர் இந்த இடத்தில்தான் நின்றுபோவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற நிலவியலார் பலர் சொந்தச் செல்வம் உடையவர்களாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தில் தச்சர் ஒருவரின் மகளாகப் பிறந்த மேரி ஆனிங், கடற்கரைப் பாறைகளில் அரிய புதைபடிவங்களைத் தேடியெடுத்தும், அவற்றை விற்றே பிழைக்க வேண்டியிருந்தது.

அந்த வழிச்செலவுக்கு ஒரு வழி செய்துவிட்டுப் போனவரின் கதையை இங்கே சொல்ல விரும்புகிறேன். நிலவியல் படித்தவர்களிடையே அவர் பெயர் தெரியாதவர் அரிது. வெளியே அவரை அறிந்தவர் குறைவு. அவர் பெயர் ரிச்சர்ட் அலெக்சாண்டர் புல்லர்டன் பென்ரோஸ்.

பென்ரோஸ் 1863-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பெயர்பெற்ற மருத்துவர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். வீடு நிறைய ஆண்பிள்ளைகள். மூத்தவர் பாய்ஸ் அரசியலில் இறங்கி அமெரிக்க மேலவை உறுப்பினராகிப் பெரும் செல்வாக்கோடு விளங்கினார். அடுத்தவர் சார்லஸ் தந்தையைப் போலவே மருத்துவரானார். இளையவர் ஸ்பென்சர் மேற்கே கொலராடோ மலைப்பகுதிக்குப் போய்ச் சுரங்கத் தொழிலில் பொருள் ஈட்டினார். இவர்களுக்கு நடுவில் நம் பென்ரோஸ் அதிகம் பேசாதவர். 1881-இல் தாயை இழந்தபோது அவருக்கு வயது பதினேழுதான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1884-இல் மிக உயர்ந்த சிறப்போடு பட்டம் பெற்றார். 1886-இல், இருபத்திரண்டாம் வயதிலேயே டாக்டர் பட்டமும் பெற்றார். படகுப் போட்டியிலும் அவர் வல்லவராம். (படிப்பவர்கள் விளையாட மாட்டார்கள் என்று சொல்லும் தோழியர் இதைக் கவனிக்க!) ஷேலர் என்னும் பேராசிரியரிடம் பயின்ற பென்ரோஸ் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பாஸ்பேட்டுப் படிவுகள். பாஸ்பேட்டு என்றால் நமக்கு உரக்கடை மூட்டை நினைவுக்கு வரும். பயிருக்கு இடும் அந்த உரம் பூமிக்குள் எங்கெங்கே, எப்படி உண்டாயிற்று என்பதே அவருடைய ஆய்வு. 1888-இல் அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வுத்துறை அதை நூலாக வெளியிட்டது.

படிப்புக் காலத்தில் பென்ரோஸ் பணத்துக்குத் தவித்ததாக எங்கும் இல்லை. வறுமையில் வாடித் தெருவிளக்கில் படித்தவர்களின் வரலாறுகளே நம் ஆண்டு மலரில் அதிகம் வரும். இவர் அப்படிப்பட்டவர் அல்லர். போக வேண்டிய இடத்துக்கு அவரால் போக முடிந்தது, அவ்வளவுதான். தமக்குத் தடையாக இல்லாத ஒன்று பிறருக்கு எவ்வளவு பெரிய தடை என்பதை அவர் எப்போது உணர்ந்தாரோ, நமக்குத் தெரியாது.

பட்டம் பெற்ற பின் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் நிலவியல் ஆய்வில் சேர்ந்து, வடக்கே ரெட் ஆறு முதல் தெற்கே ரியோ கிராண்டி ஆறு வரை மெக்சிக்கோ வளைகுடாவை ஒட்டிய நிலத்தின் படிவுகளை ஆராய்ந்தார். பிறகு ஆர்க்கன்சா மாநிலத்துக்குப் போனார். அங்கே ஆய்வுத் தலைவராக இருந்தவர் பிரான்னர். அவருக்குக் கீழ் பென்ரோஸ் மாங்கனீசுத் தாதுவைப் பற்றி 600 பக்கங்களுக்கு மேல் கொண்ட பெரிய அறிக்கையை எழுதினார். அது 1891-இல் வெளிவந்தது. எஃகு உறுதி பெறுவதற்கு மாங்கனீசு வேண்டும். அடுத்து இரும்புத் தாது பற்றியும் ஓர் அறிக்கை எழுதினார்.

இந்தப் பிரான்னரைப் பற்றி இன்னொரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. அவர் பின்னர் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர்; சில்லறை வேலைகள் செய்து படித்துக்கொண்டிருந்தவர். 1892-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் பிரான்னர் அவரை அதே ஆர்க்கன்சா ஆய்வில் சம்பளத்துக்கு அமர்த்தினார். அந்த இளைஞர் ஓசார்க் மலைகளில் கால்நடையாய்த் திரிந்து பாறைகளை வரைபடத்தில் குறித்தார். அவர்தான் 1929-இல் அமெரிக்காவின் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற ஹெர்பர்ட் ஹூவர். படிக்கும் காலத்தில் ஒரு கோடைக்கு ஊதியத்தோடு மலைக்குப் போக வாய்த்தால் அது ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இவரைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் எல்லா மாணவருக்கும் ஒரு பிரான்னர் வாய்ப்பாரா?

1892-இல் சிக்காகோ பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியபோது, அதன் நிலவியல் துறைத் தலைவர் சேம்பர்லின் பென்ரோஸை அழைத்துக்கொண்டார். 1911 வரை பென்ரோஸ் அங்கே பொருளாதார நிலவியல் கற்பித்தார். பூமியில் புதைந்திருக்கும் உலோகங்களும் கனிமங்களும் மனிதருக்கு எவ்வாறு பயன்படும், எங்கே தேடினால் கிடைக்கும் என்று ஆராயும் பிரிவு அது. ஆண்டு முழுவதும் அவர் வகுப்பில் இருக்கவில்லை. நேரம் கிடைத்தபோதெல்லாம் சுரங்கங்களைத் தேடிப் போய்விடுவார். 1894-இல் கொலராடோவின் கிரிப்பிள் கிரீக் என்னும் தங்க வயலை அரசுக்காக ஆராய்ந்தார். அதே ஆண்டு அவர் எழுதிய கட்டுரை ஒன்று, தாதுக்கள் நிலத்தின் மேற்பரப்பில் காற்றும் மழைநீரும் பட்டு எப்படி மாறிவிடுகின்றன என்பதை விளக்கியது. நம் வீட்டுச் செப்புக் குடத்தைத் துலக்காமல் வைத்தால் பச்சைக் களிம்பு ஏறுகிறதல்லவா? பூமியிலுள்ள செம்புக்கும் அப்படித்தான் நேர்கிறது. மேலே தெரியும் நிறத்தை வைத்துக் கீழே இருப்பதைக் கணிக்கத் தெரிந்தவருக்கே சுரங்கத்தில் வெற்றி.

பென்ரோஸ் போகாத கண்டங்கள் சிலவே. தென்னாப்பிரிக்காவின் தங்க வயல், வைரச் சுரங்கம், தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் வெடியுப்புப் படிவு, சைபீரியாவின் பனிவெளி என்று சுற்றினார். மலாயாவின் கிந்தாப் பள்ளத்தாக்கில் உள்ள ஈய வயல்களைப் பற்றி 1903-இல் ஒரு கட்டுரை எழுதினார். அது வெள்ளீயம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, அதுதான். அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள ஊர்தான் நம் மக்கள் பலர் பிழைக்கப் போன ஈப்போ.

இனி அவருடைய செல்வம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அரிசோனாவில் ஒரு வெள்ளிச் சுரங்கத்தில் அவரும் தம்பி ஸ்பென்சரும் பங்கு கொண்டனர். அது நல்ல வருவாய் தந்தது. ஆனால் உண்மையான பெருஞ்செல்வம் வந்தது யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் நகருக்கு அருகில் உள்ள பிங்காம் பள்ளத்தாக்கில் இருந்துதான்.

அங்கே ஒரு மலை இருந்தது. அதில் செம்பு இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 100 கிலோ பாறையை உடைத்தால் 2 கிலோ செம்பு தேறினாலே பெரிது. மீதி 98 கிலோவும் வெறும் கல். யார் அதை நம்பிப் பணம் போடுவார்கள்? ஜாக்லிங் என்னும் பொறியாளர் ஒரு கணக்குப் போட்டார். சுரங்கம் குடைந்து எடுத்தால் நட்டம். மலையையே மேலிருந்து நீராவி இயந்திரங்களால் வாரி எடுத்து, பெரிய ஆலையில் இடைவிடாமல் அரைத்தால் இலாபம் என்றார். கேட்டவர்கள் நகைத்தார்கள். பென்ரோஸ் நகைக்கவில்லை. அவருக்குப் பாறை தெரியும். 1903-இல் அவரும் ஸ்பென்சரும் நண்பர்களும் சேர்ந்து ஜாக்லிங்கோடு யூட்டா செம்பு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1906-இல் நீராவி அகழ் இயந்திரங்கள் மலையைத் தோண்டத் தொடங்கின. உலகெங்கும் மின்சாரக் கம்பிகளுக்குச் செம்பு தேவைப்பட்ட காலம் அது. செல்வம் கொட்டியது. இன்று அந்த மலை இருந்த இடத்தில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் அகலமும், 1 கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் உள்ள பள்ளம் இருக்கிறது. அருகில் இருந்த பிங்காம் என்னும் ஊரையும் அந்தப் பள்ளம் விழுங்கிவிட்டது. 1971-இல் அந்த ஊரே கலைக்கப்பட்டது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம். அந்த மலையை வாரியவர்கள் யார்? கிரேக்க நாட்டிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பிழைப்பைத் தேடி வந்த ஏழைகள். வேலை வாங்கித் தருவதற்கே தரகர் ஒருவர் கிரேக்கத் தொழிலாளரிடம் பணம் பறித்தார். 1912-இல் ஆயிரக்கணக்கானோர் கூலி உயர்வு கேட்டும், அந்தத் தரகரை நீக்கக் கேட்டும் வேலைநிறுத்தம் செய்தார்கள். தரகர் விலகினார், ஆனால் தொழிலாளர் சங்கத்தை நிறுவனம் ஏற்கவில்லை. அன்று பிங்காமின் அன்றாட நிர்வாகம் பென்ரோஸின் கையில் இருக்கவில்லை என்பது உண்மை. அவருடைய பணம் அங்கிருந்துதான் வந்தது என்பதும் உண்மை. கொடையாளிகளைப் பற்றி எழுதும்போது நாம் கொடுத்த கையை மட்டும் பார்க்கிறோம். மண் வாரிய கைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமை பெறும் என்று எனக்குத் தோன்றுகிறது. மாணவர்களுக்குப் பின்னால் கிடைத்த ஒவ்வொரு டாலரிலும் அந்தக் கைகளின் பங்கு உண்டு.

பென்ரோஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. பேராசிரியர் பதவியை விட்ட பின் பிலடெல்பியாவில் இருந்தபடி எழுத்திலும் பயணத்திலும் அறிவியல் கழகப் பணிகளிலும் காலம் கழித்தார். 1920-இல் பொருளாதார நிலவியலார் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவர் அவரே. அமெரிக்க நிலவியல் கழகத்துக்கு ஒரு தங்கப் பதக்கம் ஏற்படுத்திக் கொடுத்தார். 1927-இல் அந்தப் பதக்கத்தை முதன்முதலில் பெற்றவர், முன்பு அவரைச் சிக்காகோவுக்கு அழைத்த அதே சேம்பர்லின்.

அமெரிக்க நிலவியல் கழகம் 1888-இல் தொடங்கப்பட்டது. சில நூறு உறுப்பினர்களின் சந்தாவைக் கொண்டு கூட்டம் நடத்துவதும் இதழ் அச்சிடுவதுமே அதனால் முடிந்தவை. ஆய்வுக்கு உதவி கேட்டு யாரேனும் வந்தால் கொடுக்கப் பெட்டியில் ஒன்றும் இராது. 1930-ஆம் ஆண்டுக்கு பென்ரோஸ் அந்தக் கழகத்தின் தலைவரானார். அதே ஆண்டு துணைத் தலைவராக இருந்தவர் ஒரு பெண்மணி. அவரைப் பற்றிச் சிறிது சொல்லியே ஆக வேண்டும்.

அவர் பெயர் புளோரன்ஸ் பாஸ்கம். பென்ரோஸைவிட ஒரு வயது மூத்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் நிலவியல் பயின்றபோது, மற்ற மாணவர்களின் கவனம் சிதறுமாம், அதனால் வகுப்பின் மூலையில் ஒரு திரையைக் கட்டி அதன் பின்னால் உட்கார வைத்தார்கள்! திரைக்குப் பின்னாலிருந்து கேட்டே 1893-இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகம் பெண்ணுக்கு அளித்த முதல் டாக்டர் பட்டம் அது. 1896-இல் அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வுத்துறை வேலைக்கு எடுத்த முதல் பெண்ணும் அவரே. கோடையில் மலைகளை ஆராய்வதும், மற்ற மாதங்களில் பிலடெல்பியாவுக்கு அருகில் உள்ள பிரின் மார் மகளிர் கல்லூரியில் கற்பிப்பதும் அவர் வாழ்க்கை. அங்கே நிலவியல் துறையை உருவாக்கியவரும் அவர்தான். 1937-இல் அமெரிக்க நிலவியல் கழகத்தில் சிறப்பு உறுப்பினர்களாக இருந்த பெண்கள் 11 பேர். அவர்களில் 8 பேர் பிரின் மாரில் படித்தவர்கள்.

ஆகவே அந்த ஆண்டுக் கழகத்தின் மேல்மட்டத்தில் இருவர் இருந்தார்கள். ஒருவர் மலைக்குப் போகப் பணத்தடை அறியாதவர். மற்றவர் மலைக்குப் போகும் முன் திரையைத் தாண்ட வேண்டியிருந்தவர்.

தலைவர் பதவிக் காலம் முடிந்த மறு ஆண்டே, 1931 ஜூலை 31 அன்று பென்ரோஸ் பிலடெல்பியாவில் காலமானார். அவருடைய உயில் திறக்கப்பட்டது. செல்வத்தின் பெரும் பகுதியை அவர் இரண்டு சமமான பங்குகளாக்கி இரண்டு கழகங்களுக்கு எழுதி வைத்திருந்தார். ஒன்று, பெஞ்சமின் பிராங்கிளின் தொடங்கிய அமெரிக்கத் தத்துவக் கழகம். மற்றது அமெரிக்க நிலவியல் கழகம். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 40 இலட்சம் டாலர். அது 1931 என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1929-இல் பங்குச் சந்தை வீழ்ந்து, வங்கிகள் மூடி, அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து நின்ற பெருமந்தக் காலம். சந்தாவைக் கொண்டு இதழ் அச்சிட்டுக்கொண்டிருந்த ஒரு கழகத்தின் கையில் அப்படிப்பட்ட நேரத்தில் 40 இலட்சம் வந்து விழுந்தது.

ஆனால் உயிலில் ஒரு நிபந்தனை இருந்தது. முதலைத் தொடக் கூடாது; அதைத் தக்கபடி முதலீடு செய்து, வரும் வருவாயை மட்டுமே செலவிட வேண்டும். நம் வரலாற்றுப் பாடத்தில் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பற்றிப் படிக்கிறோம். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். ஆட்டை விற்கக் கூடாது. குட்டிகள் பிறந்து மந்தை குறையாமல் இருக்க, கிடைக்கும் நெய்யில் விளக்கு எரியும். சாவா மூவாப் பேராடு என்று அதற்கு அழகான பெயர். பென்ரோஸ் நம் கல்வெட்டுகளைப் படித்திருக்க மாட்டார். ஆயினும் அவர் விட்டுச் சென்றதும் அதே வகை மந்தைதான்.

எந்த மலையை ஆராய வேண்டும், எந்தக் கனிமத்தைத் தேட வேண்டும் என்று அவர் எதையும் விதிக்கவில்லை. செம்பால் வந்த பணம் செம்பு ஆராய்ச்சிக்கே போக வேண்டும் என்றுகூட எழுதவில்லை. அவர் செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் கொடுத்ததன் வாலைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், இவர் விட்டுவிட்டார்.

1933 முதல் கழகம் ஆய்வு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. அந்தப் பணம் என்ன செய்தது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

லீஹை பல்கலைக்கழகத்தில் மாரிஸ் யூயிங் என்னும் இளம் ஆசிரியர் இருந்தார். நிலத்தில் வெடி வைத்து, அதனால் எழும் அதிர்வு எவ்வளவு நேரத்தில் திரும்பி வருகிறது என்று அளந்தால், கண்ணுக்குத் தெரியாத அடிப்பாறையின் ஆழத்தைக் கணக்கிடலாம். இதைக் கடலுக்கு அடியிலும் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. எண்ணெய் நிறுவனங்களை அணுகினார். கடலுக்கு அடியில் யாருக்கு என்ன இலாபம் என்று அவர்கள் ஆர்வம் காட்டவில்லை. 1935-இல் நிலவியல் கழகம் பென்ரோஸ் நிதியிலிருந்து அவருக்கு உதவியது. தொகை 2,000 டாலர்தான். அதைக் கொண்டு அவர் அட்லாண்டிக் கரையிலிருந்து தொடங்கி, ஆய்வுக் கப்பலில் ஏறிக் கடலுக்குள்ளும் அளந்தார். பழைய அடிப்பாறை கடலுக்குள் போகப்போக ஆயிரக்கணக்கான அடி கீழே இறங்கிவிடுவதும், அதன்மேல் மணலும் சேறும் மலைபோல் குவிந்திருப்பதும் தெரியவந்தன.

யூயிங் அத்தோடு நிற்கவில்லை. 1949-இல் அவர் தலைமையில் நியூயார்க்குக்கு அருகே லமாண்ட் ஆய்வகம் தோன்றியது. அங்கே மேரி தார்ப் என்னும் பெண் பணிபுரிந்தார். ஆண் மாணவர்கள் போருக்குப் போய்விட்டதால் இடம் காலியாகி, மிச்சிகன் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது நிலவியல் படித்தவர் அவர். ஆண்கள் கப்பலில் போய் அளந்து கொண்டுவந்த ஆழக் கணக்குகளை வைத்து, மேசையில் உட்கார்ந்தபடியே அவர் கடலின் அடியை வரைந்தார். அட்லாண்டிக் நடுவே ஓடும் நீண்ட மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் முதலில் அதை நம்ப மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். கண்டங்கள் நகர்கின்றன என்று நம் பாடநூலில் இன்று படிக்கிறோமே, அதற்கு வழி திறந்த சான்றுகளில் அந்தப் பள்ளத்தாக்கும் ஒன்று. வடக்கு அட்லாண்டிக் கடலடியைப் பற்றி ஹீசன், தார்ப், யூயிங் மூவரும் எழுதிய நூலை 1959-இல் வெளியிட்டது அதே அமெரிக்க நிலவியல் கழகம்.

ஆனால் மேரி தார்ப் ஆய்வுக் கப்பலில் ஏறியது 1968-இல்தான். அதுவரை பெண்ணைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். பணம் மட்டும் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சுரங்கத்துக்குள் பெண் வந்தால் ஆகாது என்ற நம்பிக்கையும் பல நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. பென்ரோஸின் நிதி ஒரு தடையை நீக்கியது. மற்றத் தடையைப் பாஸ்கமும் தார்ப்பும் அவர்கள் வழிவந்தவர்களும் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தார்கள். பாஸ்கம் துணைத் தலைவராக இருந்ததற்கு 60 ஆண்டுகளுக்குப் பிறகே, 1991-இல், டோரிஸ் கர்ட்டிஸ் என்பவர் அந்தக் கழகத்தின் முதல் பெண் தலைவரானார்.

பென்ரோஸின் தம்பி ஸ்பென்சரும் தம் மனைவி ஜூலியோடு சேர்ந்து 1937-இல் கொலராடோ மக்களுக்காக ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அது வேறு கதை.

நிலவியல் கழகத்தின் உதவித்தொகை இன்றும் முதுகலை, டாக்டர் பட்ட மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் கிடைக்கிறது. பிற கொடையாளிகளின் பணமும் அதில் சேர்ந்துள்ளது. தொகை பெரிதன்று; சில ஆயிரம் டாலர்தான். கல்லூரிச் சம்பளத்துக்கு அது போதாது. விண்ணப்பிக்கும் மாணவர் எந்த மலைக்கு, எதைத் தேடிப் போகிறார் என்று எழுதி, வண்டிக்கு இவ்வளவு, தங்க இவ்வளவு, கற்களைச் சோதிக்க இவ்வளவு என்று கணக்கும் கொடுக்க வேண்டும். கணக்கு சரியாக இருந்து, கேள்வியும் நல்ல கேள்வியாக இருந்தால் பணம் வரும். ஒரு கோடைக்குப் போய்வர அது போதும். பையில் சுத்தியல், திசைகாட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி, குறிப்பேடு. திரும்பி வரும்போது பை கனக்கும்; உள்ளே கற்கள்.